வாலிலிருந்து வந்த பதில்

ஊசியண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். ஆளும் ஒல்லி, பிழைப்பும் ஊசியில். ஒரே பெயரில் இரண்டையும் முடித்துவிட்டார்கள். சட்டை தைக்கிற தையல் இல்லை அவருடையது. லாரித் தார்ப்பாய், கூடாரம், சுமை கட்டும் பட்டை என்று, தொட்டாலே உள்ளங்கையைச் சிராய்க்கிற முரட்டுத் துணியோடு மல்லுக்கட்டும் தையல். ஐம்பதை நெருங்கியும் கண்ணாடி போடாமல் நூல் கோப்பார்.

"கண்ணு கடவுள் குடுத்தது, கண்ணாடி கடைக்காரன் குடுக்கறது" என்பார்.

அவர் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். "கடைக்காரன் சும்மா குடுத்தா நீங்க ரெண்டா போட்டுக்குவீங்க" என்பாள்.

குழந்தை இல்லை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தது ஒரே தங்கை. அவளைத் தோளில் தூக்கி வளர்த்து, தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பி, பிறகு கட்டிக்கொடுத்தது வரைக்கும் எல்லாம் அவர்தான். அவள் முகம் கொஞ்சம் வாடினால் இவருக்குச் சோறு இறங்காது.

தங்கையின் கணவனை நெட்டை என்பார்கள். எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம். பழைய விமானங்களை வைத்திருக்கும் காட்சிக்கூடம் ஒன்றில் அவன் ஃபிட்டர். அங்கே நிற்கும் ஒரு போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தை உள்ளும் புறமும் பழையபடி ஆக்க வேண்டும் என்று முடிவானபோது, உள்ளே இருந்த துணி வேலைக்கு ஆள் தேடினார்கள். "எங்க மச்சான் இருக்காரு" என்று சொல்லி, ஊசியண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நெட்டைதான். அதை மறைக்கக் கூடாது. பிறகு நடந்ததைச் சொல்லும்போதும் இந்த நல்லதை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாவம்.

விமானத்துக்குள் முதல் முறை ஏறியபோது ஊசியண்ணனுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வெளியே மலை மாதிரி நின்றது; உள்ளே நிமிர்ந்து நடக்க இடமில்லை. எண்ணெய், துரு, எலிப் புழுக்கை, எல்லாம் கலந்த வாடை. குனிந்தும் தவழ்ந்தும்தான் போக வேண்டும்.

போகப் போகத்தான் அது ஒரு குடித்தனம் என்று அவருக்கு விளங்கியது. மூக்கில் கண்ணாடிக் கூண்டு. குண்டு போடுகிறவன் அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு கீழே பார்ப்பான். அவனுக்கு மேலே விமானியின் இருக்கை, அதன் முதுகில் ஒரு இரும்புத் தகடு. அதற்குப் பின்னால் திரை போட்ட மூலையில் வழி பார்க்கிறவனின் மேசை. இரவில் விளக்கு வெளிச்சம் வெளியே கசியக் கூடாதென்று திரை. பக்கத்தில் வானொலிக்காரன். அவன் காலடியில் தகரத்தில் ஒரு கூடு.

"இது எதுக்கு மாப்ள?"

"புறாவுக்கு மச்சான். கடல்ல விழுந்துட்டா சேதி கட்டி அனுப்பறதுக்கு."

"அப்போ அதுவும் ஒரு ஆளுதான்."

"ஆமா. சம்பளம் வாங்காத ஆளு" என்று நெட்டை சிரித்தான்.

நடு வயிற்றில் குண்டுகளுக்கான நீண்ட அறை. அதைத் தாண்டி, கூரைக்கடியில் சுருட்டி வைத்த ரப்பர்ப் படகு. சுவர் நெடுக ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கொக்கி, ஒரு பட்டை, ஒரு பை. கோடரிக்கு ஒரு பிடிப்பு. தீயணைக்கும் உருளைக்கு ஒரு வளையம். கட்டுத்துணிப் பெட்டி, தேநீர்க் குடுவை, மூச்சுக்காற்று உருளைகள், எல்லாம் இருட்டில் கை நீட்டினால் அகப்பட வேண்டிய இடத்தில். இருந்த பட்டைகளில் பாதி இற்றுப்போயிருந்தன. பழைய தையல் ஓட்டைகளைப் பார்த்துப் பார்த்து, அதே இடத்தில் அதே மாதிரி இவர் தைத்துப் பொருத்தினார். வீட்டில் பாத்திரம் அடுக்கத் தெரியாத மனிதன் விமானத்தில் மட்டும் அடுக்கித் தள்ளுகிறார் என்று மனைவி கேலி செய்தாள்.

கடைசியில் வால். எல்லோரும் முன்னே பார்த்து உட்கார்ந்திருக்க, வால் துப்பாக்கிக்காரன் ஒருவன் மட்டும் பின்னே பார்த்து உட்கார்ந்திருப்பான். அவன் கூண்டு அத்தனை குறுகல். வான்குடையைக்கூட உள்ளே வைத்துக்கொள்ள இடமில்லை. அது கதவுக்கு வெளியே, பின்புறச் சுவரில் தொங்கும். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து, திரும்பி, அதை எடுத்து மாட்டிக்கொண்டு பிறகு குதிக்க வேண்டும். முன்னால் இருப்பவர்களின் முகம் அவனுக்குத் தெரியாது. காதில் கேட்கும் குரல்தான் அவனுக்குச் சொந்தபந்தம்.

ஆள் ஒல்லி என்பதால் வால் வேலை முழுக்க ஊசியண்ணனுக்கே வந்தது. காலையில் ஏறியதும் அந்த இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடுவார். யாரோ பெற்ற பிள்ளைகள் இங்கே உட்கார்ந்து குளிரில் விறைத்திருப்பார்கள். திரும்பி வந்தவன் எத்தனையோ, வராதவன் எத்தனையோ. அவர்களுக்காக இரண்டு வார்த்தை வேண்டிக்கொண்டுதான் ஊசியை எடுப்பார்.

விமானத்தில் வேலை பார்த்தவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பறக்கும் காலத்தில் விமானி அடிக்கடி ஒவ்வோர் இடமாகக் கூப்பிடுவாராம். அந்தந்த ஆள் தன் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ஒருவன் தவழ்ந்து போய்ப் பார்ப்பான். அதையே இவர்களும் பிடித்துக்கொண்டார்கள். வேலை முடிந்து கதவைப் பூட்டுமுன், மின்வேலை பார்க்கும் தொண்டைக்காரர் கதவருகே நின்று சத்தம் போடுவார். அவர் குரலுக்குத் தகரம் அதிரும்.

"மூக்கு!"

"மூக்கு சரி!"

"மேசை!"

"மேசை சரி!"

"வால்!"

"வால் சரி!"

சும்மா சொல்லக் கூடாது. தன் இடத்தில் உள்ள ஒவ்வொரு சாமானையும் கையால் தொட்டு, பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒருவன் இடத்துக்கு இன்னொருவன் பதில் சொல்லக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்ததைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

நெட்டைக்கு ஒரு வேடிக்கைத் திறமை இருந்தது. யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவான். மேலாளர் மூக்கால் பேசுவது, தொண்டைக்காரர் கத்துவது, ஊசியண்ணன் நூல் மாதிரி மெல்லிசாக "வால் சரி" என்பது, எல்லாம் அவன் வாயில் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவனைச் சுற்றித்தான் சிரிப்பு. ஊசியண்ணனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "என் பொண்டாட்டி முன்னால மட்டும் பேசிடாத மாப்ள, உன்னை நான்னு நினைச்சுத் திட்டிடுவா."

விமானம் பறக்கப் போவதில்லை. ஆனால் என்ஜின்களை ஓடவிட்டு, ஓடுதளத்தில் மெதுவாக உருட்டிக் காட்டலாம் என்று மேலாளர் ஏற்பாடு செய்தார். பார்க்க ஊரே வருகிறதென்று பேச்சு. அதற்கு முந்தின நாள் மதியம், நெட்டை வாலுக்குள் தவழ்ந்து வந்தான். விமானத்தைத் திருப்புகிற சுக்கானுக்குப் போகும் கம்பி வடம் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. அதன் சக்கரத்துக்கு மசகு போட வேண்டும். வந்தவன் முகம் சரியில்லை.

"மச்சான், உங்க தங்கச்சி படியில வழுக்கிட்டாளாம். பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சு. கால் ஊதிக் கிடக்காம்."

ஊசியண்ணன் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. "நீ போகலையா?"

"இதை முடிச்சதும் என்ஜினுக்குப் போகணும். மேலாளர் அங்கயே நிக்கறாரு. நீங்க ஓடிப்போய் பாருங்க."

"இன்னும் கூப்பிடலையே. வாலுக்கு..."

"நான் எதுக்கு இருக்கேன்? எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டு, நீங்க போன விஷயத்தைத் தொண்டைகிட்ட சொல்லிடறேன். போங்க மச்சான்."

வேலி ஓரமாக ஒரு சந்து உண்டு. ஊழியர் குடியிருப்புக்குக் குறுக்கு வழி, எல்லோரும் போவதுதான். வாசல் காவலாளி கண்ணில் படாமல் ஊசியண்ணன் அதில் புகுந்து ஓடினார். வீட்டில் தங்கை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரவில்லை. குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்துப் போட்டார். எலும்பு முறியவில்லை என்று தொட்டுப் பார்த்துச் சொன்னார். பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கக் கட்டிவிட்டார். உலையில் அரிசி போட்டு இறக்கினார்.

"நீ இல்லாட்டி நான் என்னண்ணா பண்ணுவேன்" என்றாள் தங்கை.

அந்தச் சொல் ஒன்றே அவருக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். திரும்பிப் போனபோது விமானக் கொட்டகை பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் நெட்டையிடம் கேட்டார். "வாலை இழுத்துப் பாத்தியா மாப்ள?"

"பாத்தேன் பாத்தேன்" என்றான் அவன், திரும்பாமலே.

என்ஜின்கள் ஓடின. கூட்டம் கைதட்டியது. பெரிய உருவம் நகர்ந்தது, கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது, வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஓரமாக நின்ற இழுவை வண்டியில் மோதி நின்றது. என்ஜின் விசிறி ஒன்று மடங்கியது. இழுவை வண்டி ஓட்டுகிறவர் தூக்கி எறியப்பட்டு, தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். கடவுள் புண்ணியம், உயிர் போகவில்லை.

காரணம் வாலில் கிடந்தது. மூச்சுக்காற்று உருளை ஒன்று பட்டையிலிருந்து கழன்று உருண்டு, வடத்தின் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஆப்பு அடித்த மாதிரி செருகிக்கொண்டிருந்தது. பட்டை அறுபடவில்லை, தையலும் பிரியவில்லை. யாரோ கொக்கியை அவிழ்த்துவிட்டுத் திரும்ப மாட்டவில்லை. அந்த உருளையை நகர்த்தாமல் சக்கரத்துக்கு மசகு போட முடியாது. ஊசியண்ணன் பார்த்த உடனே புரிந்துகொண்டார். புரிந்தும் அவருக்குக் கோபம் வரவில்லை. மறந்திருப்பான், பாவம், மனைவி விழுந்த கவலையில் இருந்தான் என்றுதான் நினைத்தார். அவனே சொல்லிவிடுவான் என்று காத்திருந்தார்.

மறுநாள் மேலாளர் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"வாலுக்கு யார் பதில் சொன்னது?"

தொண்டைக்காரர் வாழ்க்கையில் பொய் சொல்லாத மனிதர். அன்றும் சொல்லவில்லை. "ஊசிதான் சொன்னாரு சார். வால் சரின்னு. அவரு குரல் எனக்குத் தெரியாதா?"

ஊசியண்ணன் நெட்டையைப் பார்த்தார். நெட்டை சுவரைப் பார்த்தான். அப்போதுதான் இவருக்கு விளங்கியது. தொண்டைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல்லச் சோம்பல்பட்டு, இருந்த இடத்திலிருந்தே இவன் விளையாட்டாக இவர் குரலில் பதில் கொடுத்திருக்கிறான். விளையாட்டுக்குச் செய்ததாகவே இருக்கட்டும். இப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை?

"நான் அப்போ விமானத்துலயே இல்ல சார்" என்றார். "தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைதான் அனுப்பினாரு."

மேலாளர் நெட்டை பக்கம் திரும்பினார்.

"நான் அனுப்பலை சார்" என்றான் நெட்டை. குரல் மட்டும் அவன் குரலாகவே இல்லை. "நான் முன்னால என்ஜின் பக்கம் இருந்தேன். வால்ல மச்சான்தான் இருந்தாரு."

"காவலாளி உங்களைப் பாக்கலைங்கறாரே?" என்று மேலாளர் ஊசியண்ணனைக் கேட்டார்.

"சந்து வழியா போனேன் சார். என் தங்கச்சிய கேளுங்க. அவ சொல்வா."

இதைச் சொன்னபோது அவருக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. சூரியன் நாளைக்கும் வரும் என்பதில் யாருக்குச் சந்தேகம்? அவள் வந்து சொன்னால் இவர் பெயர் தெளியும். புருஷனை ஒரேயடியாக மாட்டிவிடாமல் எப்படியாவது நாலு வார்த்தை நல்லதாகவும் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட இவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை நொண்டிக்கொண்டு வந்தாள். காலில் இவர் கட்டிய கட்டு அப்படியே இருந்தது. மேலாளர் நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"உங்க அண்ணன் முந்தாநாள் உங்க வீட்டுக்கு வந்தாராம்மா?"

"வந்தாரு சார்."

ஊசியண்ணன் மூச்சு விட்டார்.

"எப்போ?"

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சாயங்காலம். வேலை முடிஞ்சு, இருட்டினதுக்கு அப்புறம்தான் வந்தாரு. வந்து கட்டு போட்டுவிட்டாரு."

ஊசியண்ணன் வாயைத் திறந்தார். சின்ன வயதில் கடையில் மிட்டாய் எடுத்துவிட்டு இவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளே, அன்றைக்கும் "அவ எடுக்கலைங்க, நான்தான்" என்று இவர் அடி வாங்கிக்கொண்டார். இப்போது அவள் பொய் சொல்கிறாள் என்று இத்தனை பேர் நடுவில் சொல்ல அந்த வாய்க்குப் பழக்கம் இல்லை.

"அவ சொல்றது..." என்று ஆரம்பித்தார். பிறகு, "நான் விமானத்துல இல்ல சார். கடவுள் அறிய இல்ல" என்று மட்டும் சொன்னார்.

மேலாளர் நல்லவர்தான். ஆனால் மூன்று பேர் ஒரு பக்கம், அதிலும் ஒருத்தி சொந்தத் தங்கை. அவர் என்ன செய்வார்? தவறு செய்ததைக்கூட மன்னிப்பேன், பொய் சொன்னதை மன்னிக்க முடியாது என்று சொல்லி, ஊசியண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார். தொண்டைக்காரர் வாசல் வரைக்கும் கூட வந்தார். "ஏன் ஊசி இப்படிப் பண்ணின? மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா நாங்க எல்லாரும் பேசியிருப்போமே" என்றார். அது இவருக்கு வேலை போனதைவிட வலித்தது.

நெட்டை தண்ணீர்க் குழாய் அருகே நின்றான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"மச்சான், நான் மாட்டினா வேலையும் போகும், குடியிருப்பும் போகும். பிள்ளைங்களோட உங்க தங்கச்சி தெருவுல நிப்பா. உங்களுக்கு என்ன, கைத்தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழைச்சுக்குவீங்க. அவளும் அழுதா மச்சான், ராத்திரி முழுக்க அழுதா."

"ராத்திரியே பேசி வெச்சுட்டீங்களா ரெண்டு பேரும்?"

நெட்டை குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான்.

"என்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேன் மாப்ள" என்றார் ஊசியண்ணன். "கேட்டிருக்கலாம். கேக்காம எடுத்துட்டீங்க."

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மனைவி எழுந்து நின்றாள். நேரே தொண்டைக்காரர் வீட்டுக்குப் போய் நடந்ததை நடுத்தெருவில் வைத்துச் சொல்கிறேன் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ என் பொண்டாட்டி. நீ சொன்னா யாரு நம்புவா?"

"அப்போ தங்கச்சி சொன்னா மட்டும் நம்புவாங்களா?"

"ஆமா" என்றார். "அதான் நம்பிட்டாங்களே."

அன்று பிரார்த்தனைக்கு உட்கார்ந்தவர், வழக்கமாகத் தங்கைக்காக வேண்டிக்கொள்ளும் இடம் வந்ததும் நின்றுவிட்டார். வாய் வரவில்லை. அப்படியே எழுந்துவிட்டார். பல நாள் அப்படித்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் அந்த வார்த்தைகள் தானாக வந்தன. வந்தனவே தவிர, அவற்றில் பழைய சூடு இல்லை. ஊரில் உள்ள எல்லோருக்கும் வேண்டுவது போலத்தான் வேண்டினார். அதையும் கடவுளிடம் மறைக்காமல் சொன்னார்.

லாரி நிறுத்தும் இடத்தை ஒட்டிய தார்ப்பாய்க் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. விமானத்தில் மடங்கிய விசிறியை மாற்றிவிட்டார்கள் என்றும், வாலுக்கு வேறு ஆள் போட்டிருக்கிறார்கள் என்றும், நெட்டை இப்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் யாருடனும் உட்காருவதில்லை என்றும் காதில் விழுந்தது. நல்லா இருக்கட்டும் என்றார். மனைவி மட்டும் "எனக்கு அப்படி வாய் வராது" என்றாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம் கடைக்கு முன்னால் தங்கை வந்து நின்றாள். இன்னமும் நொண்டினாள். எலும்பு சரியாகச் சேரவில்லையாம், பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கச் சொன்னார்களாம்.

"அவரு ஷிஃப்ட்ல இருக்காருண்ணா. தனியா போக பயமா இருக்கு. நீ வர்றியா?"

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் வந்திருப்பாள். ஊசியண்ணன் அவள் காலைப் பார்த்தார். அன்றைக்கு எலும்பு முறியவில்லை என்று தொட்டுச் சொன்னது தன் தவறு என்று நினைத்தார். கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

"வா" என்றார்.

அவளுக்கு முகம் மலர்ந்தது. பையை அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். மூலையில் இருந்த டீக்கடை முன்னால் ஊசியண்ணன் நின்றார்.

"அண்ணே, இது என் தங்கச்சி" என்றார் கடைக்காரரிடம். "கால் சரியில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்போதான் கிளம்பறோம். பாத்துக்குங்க."

டீக்கடைக்காரர் விழித்தார். "தாராளமா போய்ட்டு வாங்க. அதுக்கு என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு யாராவது கேட்டா, போனேன்னு சொல்லணும்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு செருப்பில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். அவள் விழுந்துவிடாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கடையில் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டே நடந்தார்.